பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் ஆயில் இன்ஜெக்‌ஷன்: வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா?

படகின் பின்புறம் மாட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வாங்கியவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "அந்த ஆயில் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுங்கள்." தனி டேங்க்கிலிருந்து ஆயிலைத் தானாகவே எஞ்சினுக்குக் கொடுக்கும் அந்தப் பம்ப் அமைப்புதான் ஆயில் இன்ஜெக்‌ஷன். சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். முழு வேகத்தில் போகும்போது ஆயில் நின்றுபோனால் எஞ்சின் சில நிமிடங்களிலேயே சீஸ் ஆகிவிடும், அதாவது உரசி இறுகி நின்றுவிடும். முப்பது, நாற்பது வருடப் பழைய பம்பை நம்பிக் கரையை விட்டு வெகுதூரம் போக யாருக்கும் மனம் வராது.

பயம் நியாயமானதுதான். ஆனால் எல்லா மோட்டாருக்கும், எல்லா ஆளுக்கும் ஒரே பதிலைச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது. உங்கள் மோட்டாரில் இருப்பது எந்த வகை இன்ஜெக்‌ஷன்? அது இப்போது வேலை செய்கிறதா என்று உங்களால் சோதித்துப் பார்க்க முடியுமா? இனி பெட்ரோல் ஊற்றப்போவது யார்? இதில் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆயில் எங்கே போகிறது

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தேங்கி நின்று சுற்றிவர அடித்தொட்டி கிடையாது. காற்றும் பெட்ரோலும், கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. அவற்றோடு வரும் ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும், கனெக்டிங் ராடையும், பிஸ்டனையும் நனைக்கிறது. வேலை முடிந்ததும் அதுவும் எரிந்து புகையாக வெளியே போய்விடும். ஒருமுறை வந்த ஆயில் திரும்ப வராது என்பதால், ஒவ்வொரு நொடியும் புது ஆயில் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கையால் கலந்தால் பெரும்பாலான கார்புரேட்டர் மோட்டார்களுக்கு 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில். ஐட்லிங்கிலும் அதே விகிதம், முழு வேகத்திலும் அதே விகிதம். இன்ஜெக்‌ஷன் வந்த காரணமே இதை மாற்றத்தான். மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்கு அவ்வளவு ஆயில் தேவையில்லை. 1984-இல் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வந்த வி.ஆர்.ஓ. பம்ப் முழு வேகத்தில் 50:1 என்றும், ஐட்லிங்கில் ஏறக்குறைய 150:1 என்றும் ஆயிலைக் கொடுத்தது. யமஹாவின் பிரிசிஷன் பிளெண்ட் என்ற இன்ஜெக்‌ஷன் அமைப்பும் அதே நோக்கத்தோடு வந்ததுதான். புகை குறைந்தது, பிளக் கருகுவது குறைந்தது, பெட்ரோல் போடும் இடத்தில் நின்று அளந்து ஊற்றும் வேலையும் போனது.

ஆயில் மிச்சம் எவ்வளவு? ஒரு நாளில் 40 லிட்டர் பெட்ரோல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 50:1 கலவையில் 800 மி.லி. ஆயில் போகும். இன்ஜெக்‌ஷன் சராசரியாக 80:1 கொடுத்தால் 500 மி.லி. வித்தியாசம் 300 மி.லி. வாரத்துக்கு ஒருமுறை படகை எடுப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தினமும் தொழிலுக்குப் போகிறவருக்கு வருடக் கணக்கில் பார்த்தால் கணிசமாகத் தெரியும். எப்படியானாலும், ஆயில் மிச்சத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கழற்றவே கூடாத மோட்டார்கள்

மேற்கொண்டு போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் இருக்கின்றன: மெர்க்குரியின் ஆப்டிமேக்ஸ், எவின்ரூடின் ஃபிஷ்ட், இ-டெக், யமஹாவின் எச்.பி.டி.ஐ. இவற்றில் பெட்ரோல் கிராங்க் கேஸ் பக்கமே போகாது. பெட்ரோலில் எவ்வளவு ஆயிலைக் கலந்தாலும் பேரிங்குக்கு ஒரு சொட்டும் சேராது. ஆயில் பம்பை நிறுத்தினால் எஞ்சினைக் கொன்றதாகத்தான் அர்த்தம். உங்களுடையது இந்த வகை என்றால் உங்கள் முன்னால் இருக்கும் ஒரே வழி, அமைப்பைச் சரிசெய்து வைத்துக்கொள்வது. இனி நான் சொல்வதெல்லாம் கார்புரேட்டர் வைத்த மோட்டார்களுக்கு.

பம்ப் மூன்று வகை, பலவீனமும் மூன்று வகை

வி.ஆர்.ஓ. வகையில் பெட்ரோல் பம்பும் ஆயில் பம்பும் ஒரே உடம்பு. கிராங்க் கேஸில் மாறி மாறி வரும் அழுத்தம்தான் அதை இயக்குகிறது. பம்புக்குள்ளேயே ஆயிலும் பெட்ரோலும் கலந்து, கலவையாகக் கார்புரேட்டருக்குப் போகிறது. முதல் சில வருடங்களில் வந்த பம்புகளுக்கு நல்ல பெயர் இல்லை. பிறகு அது பலமுறை திருத்தப்பட்டது. நான்கு வயர் கொண்ட பிந்தைய பம்புகள், ஆயில் வரவில்லை என்றால் ஹார்ன் அடித்துச் சொல்லிவிடும். கெட்ட பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

யமஹா வகையில் ஆயில் பம்பைக் கிராங்க்கின் சுழற்சியே கியர் வழியாக ஓட்டுகிறது. த்ராட்டிலோடு ஒரு கம்பி இணைப்பு இருக்கும். த்ராட்டில் திறக்கத் திறக்க ஆயில் கூடும். ஆயில் பெட்ரோலில் கலக்காமல் ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (கார்புரேட்டரைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும் பாதை) தனித்தனி மெல்லிய ஹோஸ் வழியாகப் போகிறது. படகில் பெரிய டேங்க், மோட்டாரில் சிறிய டேங்க், இரண்டுக்கும் நடுவே ஆயிலைத் தள்ளும் மின்பம்ப் என்று அமைந்திருக்கும்.

மெர்க்குரியின் வி6 (ஆறு சிலிண்டர்) வகையிலும் கிராங்க்தான் பம்பை ஓட்டுகிறது. ஆனால் கிராங்க்கில் மாட்டியிருக்கும் ஓட்டும் கியர் பல மாடல்களில் பிளாஸ்டிக். வயதாகி, பல் தேய்ந்து அது வழுக்கினால், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பம்ப் நின்றுவிடும். டேங்க்கில் ஆயில் நிறைந்திருப்பதால் மட்டம் குறைந்ததைச் சொல்லும் அலாரமும் வாய் திறக்காது. பம்ப் சுற்றுகிறதா என்று பார்க்கும் சென்சார் எல்லா மாடல்களிலும் இல்லை. எனக்கு உண்மையிலேயே கவலை தரும் வகை இதுதான்.

இந்த மூன்றில் ஆயில் எந்த இடத்தில் சேர்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மூன்று சிலிண்டர் மோட்டாரில் ஒரு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் மட்டும் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் கலந்த பெட்ரோலில் ஓடினால், அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலும் குறையும், அதோடு ஆயிலும் குறையும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். சூடு ஏறும் நேரத்தில்தான் ஆயிலும் இல்லாமல் போகிறது. மேனிஃபோல்டில் நேரடியாக ஆயில் சொட்டும் வகையில் அப்படி இல்லை. ஜெட் அடைத்தாலும் ஆயில் வந்துகொண்டே இருக்கும். முழு வேகத்திலிருந்து த்ராட்டிலைச் சட்டென்று மூடும்போதும் ஓரளவு இதே கதைதான். எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், பெட்ரோல் வரத்து திடீரென்று சுருங்கும். கலவையை மட்டும் நம்பியிருந்தால் ஆயிலும் அந்த நேரம் சுருங்கும். மேனிஃபோல்டு வகையில் த்ராட்டிலோடு ஆயில் குறைந்தாலும், பம்பை எஞ்சினின் சுழற்சியே ஓட்டுவதால் அது நின்றுவிடாது.

ஆல்கஹால் கலந்த பெட்ரோலிலும் இந்த வித்தியாசம் தெரியும். அதில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் ஆல்கஹாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் இறங்கிவிடும். நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு இருக்கும். உறிஞ்சும் குழாய் அடியிலிருந்து இழுப்பதால், எஞ்சினுக்குப் போவது ஆயில் இல்லாத திரவம்.

ஆகவே யமஹாவினுடையது போன்ற மேனிஃபோல்டு வகை பம்ப் ஒழுங்காக வேலை செய்யும்போது, அது கையால் கலப்பதைவிட ஒரு படி மேலான பாதுகாப்பு. அதைக் கழற்றுகிறவர் எதைக் கைவிடுகிறோம் என்று தெரிந்துதான் கழற்ற வேண்டும். வி.ஆர்.ஓ., மெர்க்குரி வகைகளில் ஆயில் கார்புரேட்டருக்கு முன்பே பெட்ரோலில் கலந்துவிடுவதால் இந்த மேன்மை இல்லை. அவற்றைக் கழற்றினால் இந்த விஷயத்தில் இழப்பு எதுவும் கிடையாது.

பம்ப் மேல் விழும் பழி

சீஸ் ஆன எஞ்சினைப் பார்த்ததும் "ஆயில் பம்ப் போயிடுச்சு" என்று சொல்வது எளிது. திறந்து பார்க்காமல் அதை நம்பாதீர்கள். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து போகும் வகையில் ஆயில் நின்றால் அது எல்லா சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் நிற்கும். பிஸ்டன்கள் எல்லாவற்றிலும் உரசல் தெரிய வேண்டும், பேரிங்குகளும் காய்ந்து நிறம் மாறியிருக்க வேண்டும். ஒரே ஒரு பிஸ்டன் மட்டும் மேலே உருகி ஓட்டை விழுந்திருக்கிறது, மற்றவை ஆயிலோடு பளபளப்பாக இருக்கின்றன என்றால், சந்தேகம் அந்தச் சிலிண்டரின் கார்புரேட்டர் மேலோ, இக்னிஷன் டைமிங் மேலோ, குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதை மேலோதான் போக வேண்டும். மேனிஃபோல்டு வகையில் மட்டும், ஒரு சிலிண்டருக்குப் போகும் ஆயில் ஹோஸ் அடைத்ததா, கழன்றதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. உண்மையான காரணம் அழுக்குக் கார்புரேட்டர் என்றால், பம்பைக் கழற்றிவிட்டு அடுத்த எஞ்சினை மாட்டினாலும் அதுவும் அதே வழியில் போகும்.

பம்ப் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் இடங்களிலும், பம்பைவிட அதைச் சுற்றி இருப்பவைதான் பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. ஹோஸ் விறைத்து வெடித்திருக்கும். மெல்லிய ஆயில் ஹோஸில் யாரோ திருகு கிளாம்ப் போட்டு இறுக்கியதில் ரப்பர் கிழிந்து காற்று இழுக்கும். டேங்க் மூடியின் ரப்பர் கெட்டுத் தண்ணீர் இறங்கியிருக்கும். உறிஞ்சும் குழாயின் நுனியில் உள்ள வலையில் பழைய ஆயில் பசையாகப் படிந்திருக்கும். மெர்க்குரியின் படகு டேங்க், கிராங்க் கேஸ் அழுத்தத்தால் ஆயிலை மோட்டாருக்கு ஏற்றுகிறது. மூடி சரியாக மூடவில்லை என்றால் அழுத்தம் கசிந்து ஆயில் ஏறாது. மோட்டார் மேல் இருக்கும் சின்ன டேங்க் காலியாகி அலாரம் அடிக்கும். இவை எல்லாம் குறைந்த செலவில் சரியாகும் கோளாறுகள். இதற்காக முழு அமைப்பையும் தூக்கிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனிதன் பம்ப் ஆகும்போது

இன்ஜெக்‌ஷனைக் கழற்றினால் ஆயில் நிற்கும் அபாயம் போய்விடுவதில்லை. அது இயந்திரத்திடமிருந்து உங்கள் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அந்தக் கை எப்படிப்பட்டது என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

தனியே தூக்கி எடுக்கக்கூடிய 25 லிட்டர் டேங்க் வைத்திருப்பவருக்குக் கலப்பது சுலபம். காலி டேங்க்கில் முதலில் 500 மி.லி. ஆயில், பிறகு பாதி பெட்ரோல், ஒரு குலுக்கு, மீதிப் பெட்ரோல். தவறு செய்ய இடமே இல்லை. படகுக்குள் பதித்த பெரிய டேங்க் என்றால் கதை வேறு. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது முக்கியமில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே கலந்தது. எவ்வளவு புதிதாக ஊற்றப்போகிறீர்கள் என்பதுதான் தெரிய வேண்டும், அதுவும் ஊற்றுவதற்கு முன்பே. 60 லிட்டர் பிடிக்கும் என்று நினைத்து 1,200 மி.லி. ஆயிலை விட்டுவிட்டு, 35 லிட்டரிலேயே டேங்க் நிறைந்துவிட்டால், அந்த 35 லிட்டருக்கும் ஏறக்குறைய 29:1 ஆகிவிடும். இதில் எஞ்சின் சாகாது, ஆனால் நாள் முழுக்கப் புகையும். தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. கவனமாக இருப்பவர்கள் பத்து லிட்டருக்கு 200 மி.லி. என்று ஆயிலையும் பெட்ரோலையும் மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் நம்பகமான வழி.

ஒரே ஆள் ஓட்டி, அதே ஆள் பெட்ரோல் போடும் படகில் இதெல்லாம் பழகிவிடும். தம்பி எடுத்துப் போவான், நண்பர் கேட்பார், வேலையாள் போய் நிரப்பிக்கொண்டு வருவார் என்றால் நான் கழற்றச் சொல்ல மாட்டேன். கலக்க வேண்டும் என்று தெரியாத ஒருவர் ஒரே ஒருமுறை வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும். அப்போது எந்த அலாரமும் அடிக்காது, ஏனென்றால் ஆயில் அலாரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் கழற்றியிருப்பீர்கள்.

மெதுவாக ஓட்டும் வேலைக்கும் கலவை கொஞ்சம் பாரம்தான். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் தூண்டில் இழுப்பவர் 50:1-இல் ஓடினால் புகை, ஆயில் படிந்த பிளக், போகப் போக பிஸ்டன் ரிங்குகளில் கார்பன் என்று வரும். கார்பனால் ரிங் ஒட்டிக்கொண்டால் அதுவும் சிலிண்டரைக் கீறும். எப்போதும் முக்கால் த்ராட்டிலுக்கு மேல் ஓட்டுகிறவருக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. அந்த வேகத்தில் இன்ஜெக்‌ஷனும் கிட்டத்தட்ட அதே அளவு ஆயிலைத்தான் தரும்.

புகைக்குப் பயந்து கலவையைத் தாங்களாகவே 100:1 என்று குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது வேண்டாம். 1980களில் சிறிய மோட்டார்கள் சிலவற்றுக்கு 100:1 போதும் என்று உற்பத்தியாளரே சொன்ன காலம் இருந்தது. பிறகு அதை 50:1 என்று மாற்றிச் சொன்னார்கள். உங்கள் மாடலின் கையேட்டில் என்ன விகிதம் இருக்கிறதோ அதுதான் அளவு. ஆயிலும், தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டி.சி.-டபிள்யூ3 தரக்குறி உள்ளதாக இருக்க வேண்டும். காற்றால் குளிரும் பைக் எஞ்சினுக்கான டூ-டி ஆயில் அவுட்போர்டுக்கு ஏற்றதல்ல.

இரண்டையும் வைத்துக்கொண்டால்?

நடுவழி ஒன்றும் இருக்கிறது. இன்ஜெக்‌ஷனை அப்படியே ஓடவிட்டு, பெட்ரோலிலும் 100:1 அளவுக்குக் கொஞ்சம் ஆயில் கலப்பது. கணக்குப் போட்டால் இது கேட்பதற்கு இருப்பதைவிட நியாயமான யோசனை. முழு வேகத்தில் லிட்டருக்கு பம்ப் தருவது 20 மி.லி., டேங்க்கில் 10 மி.லி., ஆக 30 மி.லி.; அதாவது ஏறக்குறைய 33:1. ஐட்லிங்கில் பம்ப் தருவது சுமார் 7, டேங்க்கில் 10, ஆக 17 மி.லி.; ஏறக்குறைய 60:1. கழற்றிவிட்டு 50:1 ஓட்டுவதைவிட ஐட்லிங்கில் புகை குறைவு. பம்ப் நின்றாலும் 100:1 மிச்சம் இருக்கும். முழு வேகத்துக்கு அது போதாது, ஆனால் வேகத்தைக் குறைத்துக் கரை சேர உதவும்.

குறை என்ன? ஆயிலை அளந்து கலக்கும் வேலையும் உங்களுக்கு, பம்பைப் பராமரிக்கும் வேலையும் உங்களுக்கு. அதோடு, கலவை இருக்கிறது என்ற தைரியத்தில் ஆயில் டேங்க்கின் மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதை ஆள் விட்டுவிடுகிறார். புதிதாக வாங்கிய பழைய மோட்டாரின் முதல் சில வாரங்களுக்கு இது அருமையான வழி. நிரந்தர வழக்கமாக வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சோதித்துவிட்டு முடிவெடுங்கள்

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தனி டேங்க்கில் 50:1 கலவை தயார் செய்து, மோட்டாரை அதில் ஓட்டுங்கள். இன்ஜெக்‌ஷனும் சேர்ந்து ஓடுவதால் எஞ்சினுக்கு 25:1 வரை போகும். புகையும், கவலை வேண்டாம். பம்ப் முழுக்க இறந்திருந்தாலும் கலவை எஞ்சினைக் காப்பாற்றும். ஓட்டுவதற்கு முன் ஆயில் டேங்க்கின் பக்கத்தில் டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கலவை முழுக்கத் தீர்ந்ததும் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 25 லிட்டரை வேகமாக ஓட்டித் தீர்த்திருந்தால் இறக்கம் 500 மி.லி.-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மெதுவாக ஓட்டியிருந்தால் குறைவாக இருக்கும். துளிகூட இறங்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. படகு டேங்க், மோட்டார் டேங்க் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் குறிக்க வேண்டும். கியர் பம்பு வகைகளுக்கு, குறிப்பிட்ட சுழற்சியில் இத்தனை நிமிடத்துக்கு இத்தனை மி.லி. வர வேண்டும் என்று சர்வீஸ் கையேட்டில் அளவு கொடுத்திருப்பார்கள். அளவுக்குழாயில் பிடித்து அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் துல்லியம்.

த்ராட்டில் இணைப்புள்ள பம்பில் அடையாளக் கோடுகள் பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள். அந்தக் கம்பி தளர்ந்திருந்தால் முழு வேகத்திலும் பம்ப் பாதி வேக ஆயிலைத்தான் தரும்.

இந்தச் சோதனையில் தேறிய மேனிஃபோல்டு வகையை வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ், கிளாம்ப், டேங்க் மூடி ரப்பர், வலை எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, ஆயில் டேங்க்கைக் கழற்றிக் கழுவி, அலாரத்தைச் சோதித்துவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். தேறிய நான்கு வயர் வி.ஆர்.ஓ.-வுக்கும் என் பதில் அதுவே. முதல் தலைமுறை வி.ஆர்.ஓ. என்றால், திருத்தப்பட்ட பம்ப் கிடைக்குமா, அதன் விலை உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கழற்றலாம். பிளாஸ்டிக் கியர் உள்ள மெர்க்குரியில் சோதனை இன்று தேறினாலும் அந்தக் கியரின் வயது தெரியாது. அதை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். பம்ப் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சாரும் இல்லாத மாடலாக இருந்து, ஒரே ஆள் ஓட்டும் படகாகவும் இருந்தால், கழற்றிவிடுவதே என் முடிவாக இருக்கும். பாகங்கள் கிடைக்காமல் போன மோட்டார் எதுவானாலும் வேறு வழியில்லை, கழற்றத்தான் வேண்டும்.

கழற்றினால் முழுதாகக் கழற்றுங்கள்

பாதி கழற்றிய மோட்டார்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஹோஸை மட்டும் பிடுங்கி ஓரமாகக் கட்டிவிட்டு ஓட்டுவது பரவலாக நடக்கிறது.

முதல் விஷயம், பம்பை நிறுத்துவதற்கு முன்பே கலந்த பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். மேனிஃபோல்டு வகையில் ஹோஸிலும், ஃபில்டரிலும், கார்புரேட்டர் கிண்ணங்களிலும் இருப்பது ஆயில் இல்லாத வெறும் பெட்ரோல். அதனால் பம்ப் மாட்டியிருக்கும்போதே கலவையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, பிறகு கழற்ற வேண்டும்.

வி.ஆர்.ஓ.-வில் வேலை சுலபம். ஆயில் பக்கத்தை அடைத்தாலும் அந்தப் பம்ப் பெட்ரோல் பம்பாகத் தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் ஆயில் நுழையும் வாயை இறுக்கமாக அடைக்க வேண்டும். திறந்திருந்தால் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுத்து, எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலையும் ஆயிலையும் குறைத்துவிடும். எதற்குப் பயந்து கழற்றினோமோ அதையே நாமே செய்ததாக ஆகிவிடும். படகிலிருந்து வரும் ஆயில் ஹோஸின் நுனியையும் அடையுங்கள். ஆயில் பக்கம் எதற்கு என்று நினைப்பவர்கள் பம்பையே எடுத்துவிட்டு, பெட்ரோலை மட்டும் தள்ளும் பம்பைப் பொருத்தலாம்.

கியரால் ஓடும் பம்பை ஆயில் இல்லாமல் சும்மா சுற்றவிடக் கூடாது. காய்ந்து இறுகி, கியரை உடைத்து, துகள்களை எஞ்சினுக்குள் அனுப்பும். பம்பையும் அதை ஓட்டும் தண்டையும் கழற்றி, அந்தத் துளையை ஓ-ரிங்கோ கேஸ்கெட்டோ வைத்துத் தகட்டால் மூட வேண்டும். மேனிஃபோல்டில் ஆயில் நுழையும் மூக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூடி போட வேண்டும். ஒன்று கழன்றால் அந்தச் சிலிண்டர் காற்றை இழுக்கும். மெர்க்குரியில் ஆயில் டேங்க்குக்கு அழுத்தம் கொடுக்கும் ஹோஸ் கிராங்க் கேஸிலிருந்து வருகிறது. அதை மறந்தால் அதுவும் ஒரு கசிவு.

அடுத்து அலாரம். இதற்கு நான் தனியாக மன்றாடிக் கேட்கிறேன். ஆயில் குறைந்தாலும், எஞ்சின் சூடானாலும் அடிப்பது ஒரே ஹார்ன்தான். ஆயில் டேங்க்கைக் கழற்றியதும் ஹார்ன் ஓயாமல் அடிக்கிறது என்று ஹார்னின் வயரையே வெட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் தண்ணீர்ப் பம்ப் நின்று எஞ்சின் கொதித்தாலும் சத்தம் வராது. ஆயிலுக்கான சென்சார் இணைப்பை மட்டும் உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்துப் பிரித்தெடுங்கள். முடித்ததும் சாவியைப் போட்டு, சூட்டு சென்சாரின் வயரை எஞ்சின் உடம்பில் தொட்டுப் பாருங்கள். பழைய மோட்டார்கள் பலவற்றில் ஹார்ன் உடனே அடிக்கும். அடிக்கவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை. சில மாடல்களில் ஆயில் சென்சார் இல்லை என்று தெரிந்ததும் எஞ்சின் தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அதையும் கையேட்டைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு பிளக் எல்லாவற்றையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி பழுப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் எங்கிருந்தோ காற்று இழுக்கிறது. மூடிகளைத் திரும்பப் பாருங்கள். ஐட்லிங் கொஞ்சம் முரண்டு பிடித்தால் கார்புரேட்டரில் சிறு திருத்தம் தேவைப்படலாம்.

பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் "ஆயில் கலந்த பெட்ரோல் மட்டும், லிட்டருக்கு 20 மி.லி." என்று அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள்; உங்கள் மோட்டாருக்கு வேறு விகிதம் என்றால் அந்த எண்ணை எழுதுங்கள். சாவி போடும் இடத்திலும் ஒன்று ஒட்டுங்கள். ஆயில் டேங்க்கைப் படகிலேயே விட்டுவைக்காதீர்கள். அது அங்கே இருந்தால், அடுத்து ஓட்டுகிறவரோ அடுத்து வாங்குகிறவரோ அதில் ஆயிலை நிரப்பிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி வெறும் பெட்ரோலில் கிளம்பிவிடுவார்.